லிஃப்ட் வேணுமா... எத்தனை இன்ச்?

பஸ்ஸை விட்டுட்டு காலேஜ் ரோட்டுல கட்டை விரலை நீட்டி நிக்கிற ‘லிஃப்ட்’ பத்தி நான் பேசப் போறதில்லை. இது ஜீப்புக்குக் கொடுக்கிற லிஃப்ட். ஸ்பிரிங்கை மாத்தி, வண்டியோட உடம்பை ரெண்டு இன்ச், நாலு இன்ச், ஆறு இன்ச் என்று மேலே தூக்கி நிறுத்தும் வேலை.

போன வாரம் லோ-ரேஞ்ச் கியர் பற்றிப் பார்த்தோம் இல்லையா? ஃபோர் வீல் டிரைவ் என்று வாயைத் திறந்தாலே அடுத்து வருகிற கேள்வி இதுதான்: ‘பாஸ், எத்தனை இன்ச் தூக்கலாம்?’

கேங்கில் நாலு பேர் சேர்ந்து செகண்ட் ஹேண்ட் தார் வாங்கியிருப்பீங்க. இல்லைன்னா அப்பாகிட்ட கெஞ்சிக் கூத்தாடி ஒரு ஜிம்னி வந்திருக்கும். ஆக்சஸரீஸ் கடைக்காரர் ஒரு போட்டோவைக் காட்டுவார். மான்ஸ்டர் மாதிரி நிக்கிற வண்டி. ‘நாலு இன்ச் போட்டுடலாம் தம்பி, கெத்தா இருக்கும்!’ உடனே தலையாட்டிடாதீங்க. அந்த நாலு இன்ச் உங்க பிரேக், ஸ்டீயரிங், ஹெட்லைட், வண்டி கவிழ்கிற கோணம், ஆர்.சி. புக் என்று அத்தனையிலும் கை வைக்கும். உள்ளே உட்காரப் போறது நீங்களும் உங்க ஃப்ரெண்ட்ஸும்தான்.

அதனால இந்த வாரம் கொஞ்சம் கணக்குப் போடுவோம். ப்ளஸ் டூ கணக்கு போதும், பயப்படாதீங்க!

உயரம்னா எந்த உயரம்?

முதல்ல ரெண்டு விஷயத்தைப் பிரிச்சுக்கோங்க. ‘ரைடு ஹைட்’ வேறு, ‘கிரவுண்ட் கிளியரன்ஸ்’ வேறு. சக்கரத்துக்கு மேல் பாடி எவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பது ரைடு ஹைட். வண்டிக்கு அடியில் இருக்கிறதிலேயே தாழ்வான பாகத்துக்கும் தரைக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்பது கிரவுண்ட் கிளியரன்ஸ். முதலாவதைக் கூட்டினா ரெண்டாவதும் தானா கூடிடும் என்றுதான் நிறைய பேர் நினைக்கிறாங்க. அங்கேதான் காசு வீணாகுது.

ஜிம்னியை எடுத்துக்கோங்க. முன்னாலும் பின்னாலும் ரிஜிட் ஆக்ஸில். அதாவது இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் ஒரே இரும்புக் குழாய் இணைக்கும். அதில் பூசணிக்காய் மாதிரி தொங்குறது டிஃபரன்ஷியல். வண்டியின் மிகத் தாழ்வான இடமே அதுதான். கம்பெனி சொல்கிற கிளியரன்ஸ் 210 மி.மீ. இப்போ நீங்க ரெண்டு இன்ச் உயரமான ஸ்பிரிங் போடுறீங்க. பாடி மேலே போகும், சேஸிஸ் மேலே போகும். ஆனால் அந்தப் பூசணிக்காய்? அது ஆக்ஸிலோட ஒட்டினது. ஆக்ஸில் சக்கரத்தோட ஒட்டினது. ஒரு மி.மீ. கூட நகராது. நீங்க ஆறு இன்ச் தூக்கினாலும் பூசணிக்காய்க்கு அடியில் அதே 210தான்!

2020-ல் வந்த இரண்டாம் தலைமுறை தார் கொஞ்சம் வேறு மாதிரி. முன்பக்கம் இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷன். டிஃபரன்ஷியல் சேஸிஸோடு சேர்த்துப் பொருத்தப்பட்டிருப்பதால் முன்னால் தூக்கினால் அதுவும் சேர்ந்து எழும்பும். பின்பக்கம் காயில் ஸ்பிரிங்கோட ரிஜிட் ஆக்ஸில். அது எழும்பாது. முன்னால் தாண்டின கல், பின்னால் வந்து ‘டங்’னு இடிக்கும்.

அப்போ லிஃப்ட்டால் லாபமே இல்லையா? இருக்கு. கோணங்கள் கூடும். மேட்டில் ஏறும்போது முன் பம்பர் இடிக்காமல் இருப்பது அப்ரோச் ஆங்கிள். மேட்டு உச்சியைத் தாண்டும்போது வயிறு தட்டாமல் இருப்பது ரேம்ப் ஓவர் ஆங்கிள். இறங்கும்போது பின் பம்பர் தப்பிப்பது டிபார்ச்சர் ஆங்கிள். 2020 தாருக்கு அறிமுகத்தின்போது கம்பெனி சொன்ன எண்கள் 41.8, 27, 36.8 டிகிரி. எதையும் மாத்தாமலேயே இவ்வளவு!

ரேம்ப் ஓவர் ஆங்கிளில் வீல்பேஸும் விளையாடும். வெளிநாடுகளில் விற்கிற மூணு கதவு ஜிம்னியின் வீல்பேஸ் 2250 மி.மீ., ரேம்ப் ஓவர் 28 டிகிரி. 2023 ஜூனில் இங்கே விற்பனைக்கு வந்த ஐந்து கதவு ஜிம்னிக்கு வீல்பேஸ் 2590, ரேம்ப் ஓவர் 24 டிகிரி. கிளியரன்ஸ் ரெண்டுக்கும் 210தான். ஆனா நீளமான வண்டியின் வயிறு சீக்கிரம் தட்டும். அதாவது உங்க வண்டி எங்கே தட்டுது என்று முதல்ல கண்டுபிடிங்க. வயிறு தட்டினா லிஃப்ட் உதவும். பூசணிக்காய் தட்டினா உதவாது.

பூசணிக்காயை எது தூக்கும்?

டயர். டயர் மட்டும்தான். டயரின் விட்டம் எவ்வளவு கூடுதோ, அதில் பாதி கிளியரன்ஸில் கூடும். விட்டம் கண்டுபிடிக்க டயர் பக்கவாட்டில் எழுதியிருக்கிற நம்பர் போதும்.

ஜிம்னி டயர் 195/80 ஆர்15. அகலம் 195 மி.மீ. அதில் 80 சதவீதம் பக்கச்சுவர் உயரம், 156 மி.மீ. மேலேயும் கீழேயும் சேர்த்து 312. நடுவில் ரிம் 15 இன்ச், 381 மி.மீ. மொத்தம் 693 மி.மீ. இதையே 215/75 ஆர்15 ஆக்கினா? 161.25-ஐ இரட்டிப்பாக்கி 381-ஐக் கூட்டினால் 703.5. விட்டம் 10.5 மி.மீ. கூடுது. கிளியரன்ஸ் கூடுவது சுமார் 5 மி.மீ.தான். உங்க சுண்டு விரல் தடிமன்கூட இல்லை!

தார் ஏ.எக்ஸ். வேரியன்ட்டில் வந்த 245/75 ஆர்16 டயருக்கு விட்டம் 773.9 மி.மீ. அதற்குப் பதில் 265/70 ஆர்17 போட்டா 802.8. கிளியரன்ஸ் 14 மி.மீ. கூடும். ஆனா ஸ்பீடோமீட்டர் பொய் சொல்ல ஆரம்பிக்கும். அது 60 காட்டும்போது முன்பைவிட 3.7 சதவீதம் வேகமாகப் போயிட்டிருப்பீங்க. பிரேக்குக்கும் கியருக்கும் அந்த அளவுக்குச் சுமை கூடும்.

டேப்பை எடுங்க!

தூக்கறதுக்கு முன்னாடி இப்போ எவ்வளவு உயரத்தில் இருக்கு என்று தெரிஞ்சுக்கணும். ‘தரையிலிருந்து மட்கார்டு வரைக்கும் அளந்தேன் பாஸ்’ என்றால் அந்த அளவைக் குப்பையில் போடுங்க. காத்து குறைஞ்சிருந்தால், டயர் தேய்ஞ்சிருந்தால், புது டயர் போட்டிருந்தால் என்று ஒவ்வொரு தடவையும் மாறும். சரியான வழி, சக்கரத்தின் நடு மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரைக்கும் அளப்பது. இதில் டயர் சம்பந்தமே கிடையாது. சஸ்பென்ஷன் மட்டும்தான் பேசும்.

எப்படி அளக்கணும்?

1. சமதளம் முக்கியம். பேஸ்கட்பால் கோர்ட் மாதிரி ஒரு கான்கிரீட் தரை கிடைச்சா சூப்பர். சந்தேகம் இருந்தா கொத்தனார் பயன்படுத்துற தண்ணி டியூப்பை வைத்து நாலு சக்கரத்தடியிலும் மட்டம் பார்த்துடுங்க.

2. டயரில் கம்பெனி சொன்ன காத்து. டேங்க் ஃபுல். வண்டியில் வழக்கமாக இருக்கிற ஸ்டெப்னி, டூல்ஸ் எல்லாம் அதனதன் இடத்தில். யாரும் உள்ளே உட்காரக் கூடாது.

3. ஜாக்கியிலிருந்து இப்போதான் இறக்கினதுன்னா உடனே அளக்காதீங்க. ரப்பர் புஷ் முறுக்கிக்கிட்டு வண்டியை மேலேயே பிடிச்சு வைத்திருக்கும். பத்து மீட்டர் முன்னாலும் பின்னாலும் உருட்டி, பம்பரை நாலு அமுக்கு அமுக்கி, ஹேண்ட் பிரேக் போடாமல் நிறுத்துங்க. வண்டி நகராமல் இருக்க சக்கரத்துக்குக் கல் வைங்க.

4. டேப்பை நெட்டுக்குத்தாகப் பிடிங்க. ஒவ்வொரு சக்கரத்தையும் மூணு தடவை அளந்து சராசரி எடுங்க.

5. நோட்டில் எழுதுங்க. முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது. தேதியோட.

இடது வலது ரெண்டுக்கும் சில மி.மீ. வித்தியாசம் சகஜம். 10, 15 மி.மீ. தாண்டினா ஸ்பிரிங் தளர்ந்திருக்கா, உடைஞ்சிருக்கா, பழைய ஆக்சிடென்ட் ஏதாவதா என்று பார்க்கணும். அதை விட்டுட்டு மேலே லிஃப்ட் போடுறது, விரிசல் விட்ட சுவருக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை.

அடுத்தது இன்னும் முக்கியம். அதே மாடல் புது வண்டி ஒன்றில் இதே அளவை எடுங்க. உதாரணத்துக்கு, புது வண்டியில் 495 மி.மீ., உங்களுடையதில் 470 என்று வைப்போம். பல வருஷம் லோடு சுமந்து ஸ்பிரிங் 25 மி.மீ. இறங்கியிருக்கு. ரெண்டு இன்ச் லிஃப்ட் ஸ்பிரிங் போட்டா 545-க்குப் போகும். உங்க கண்ணுக்கு மூணு இன்ச் ஏறின மாதிரி தெரியும். ‘கிட் செம்ம, சொன்னதைவிட ஜாஸ்தி தூக்குது’ என்று ஊரெல்லாம் சொல்வீங்க. உண்மையில் அந்த ஒரு இன்ச், தொலைச்சதைத் திரும்ப வாங்கினது. நிறைய பழைய வண்டிகளுக்குத் தேவை லிஃப்ட்டே இல்லை, புது ஸ்டாக் ஸ்பிரிங்தான்!

புது ஸ்பிரிங்கும் முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் உட்காரும். அதனால் போட்ட அன்னிக்கு ஒரு அளவு, ஆயிரம் கிலோமீட்டர் கழிச்சு ஒரு அளவு எடுங்க. ரெண்டாவதுதான் நிஜம்.

யாரும் அளக்காத இன்னொரு அளவு

சஸ்பென்ஷன் முழுசா அமுங்கும்போது சக்கரம் மேலே வந்து ஒரு ரப்பர் கட்டையில் முட்டி நிற்கும். அதுக்குப் பேர் பம்ப் ஸ்டாப். வண்டி நிற்கும்போது அந்த ரப்பருக்கும் அது முட்டும் இடத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்று அளங்க. 80 மி.மீ. என்று வைப்போம். ரப்பர் தானும் ஒரு 30 மி.மீ. நசுங்கும். ஆக சக்கரம் 110 மி.மீ. மேலே வரும். டயரின் உச்சிக்கும் மட்கார்டின் உள்பக்கத்துக்கும் 130 மி.மீ. இருந்தா, மீதி 20 மி.மீ. இப்போ ஆரம் 14 மி.மீ. கூடின டயர் போட்டா மீதி 6. ஸ்டீயரிங்கை ஒடிச்சு, ஒரு சக்கரம் மட்டும் ஏறும்போது அந்த 6 காணாமப் போயிடும். ஓடும்போது டயர் மட்கார்டை உரசும்.

‘அதுக்குத்தானே பாஸ் லிஃப்ட்!’ என்கிறீங்களா? இங்கேதான் ட்விஸ்ட். லிஃப்ட் என்பது வண்டி நிற்கும்போது இருக்கிற உயரத்தைத்தான் மாத்தும். முழுசா அமுங்கும்போது சக்கரம் எங்கே வந்து நிற்கும் என்பதை முடிவு பண்றது பம்ப் ஸ்டாப். அதை மாத்தலைன்னா, நாலு இன்ச் தூக்கின வண்டியிலும் பெரிய பள்ளத்தில் டயர் அதே இடத்துக்கு வந்து உரசும். கொஞ்சம் லேட்டா வரும், அவ்வளவுதான். பெரிய டயருக்காகத் தூக்கினா பம்ப் ஸ்டாப்பையும் அதற்கேற்ப நீட்டணும். கடைக்காரர் இதைச் சொன்னாரா என்று கேளுங்க. சொல்லலைன்னா வேற கடை பாருங்க.

எப்படியெல்லாம் தூக்குறாங்க?

பாடி லிஃப்ட்: சேஸிஸுக்கும் பாடிக்கும் நடுவில் கட்டை வைக்கிறது. சஸ்பென்ஷன் அப்படியே இருக்கும், வயிறும் அதே உயரம்தான். பெரிய டயருக்கு இடம் கிடைக்கும்.

ஸ்பேசர்: ஸ்பிரிங்குக்கு மேலே ஒரு வட்டக் கட்டை. மலிவு. ஆனா ஸ்பேசர் தடிமனும் லிஃப்ட் உயரமும் ஒன்றல்ல! ஸ்பிரிங் ஆக்ஸில் மேலேயே நேரா உட்கார்ந்தால் ஒரு இன்ச் கட்டைக்குக் கிட்டத்தட்ட ஒரு இன்ச். தார் முன்பக்கம் மாதிரி கையின் நடுவில் ஸ்பிரிங் உட்கார்ந்தா, ஒரு இன்ச் கட்டை சக்கரத்தில் ஒன்றரை, ரெண்டு இன்ச்சாக மாறும். ஏற்றம் பலகையில் நடுவில் ஒரு ஜாண் தூக்கினா நுனி ஒரு முழம் எழும்புற மாதிரி.

டார்ஷன் பார் முறுக்கறது: 2010-ல் வந்த முதல் தார் சி.ஆர்.டி.இ.யில் முன்னால் டார்ஷன் பார். ஒரு போல்ட்டைத் திருகினாலே உயரும். செலவே இல்லை. ஆனா மொத்த டிராவல் கூடாது. மேலே ஏத்தினது கீழே இறங்குகிற தூரத்திலிருந்து திருடினதுதான். சின்னப் பள்ளத்திலேயே சக்கரம் தொங்கும், வண்டி தூக்கித் தூக்கிப் போடும்.

லீஃப் ஸ்பிரிங்: பழைய ஜீப்களில் லாரி மாதிரி அடுக்குப் பட்டைகள். கூடுதலா ஒரு பட்டை சேர்க்கலாம். ஷேக்கிளை நீட்டலாம். ரெண்டு இன்ச் நீட்டினா ஏறுவது ஒரு இன்ச்தான். ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவில் பிளாக் வைக்கிறதும் உண்டு. ஆனா முன் ஆக்ஸிலில் பிளாக் வேண்டவே வேண்டாம். பிரேக் அடிக்கிறதும் ஸ்டீயரிங் ஒடிக்கிறதும் அங்கேதான். அது நழுவினா கதை முடிஞ்சது.

முழு ஸ்பிரிங்-ஷாக் செட்: இதுதான் முறையான வழி. நீளத்துக்கேற்ற ஷாக் அப்சார்பரும் சேர்ந்து வரும். பழைய ஷாக்கையே வைத்துக்கொண்டு ஸ்பிரிங்கை மட்டும் நீட்டினா, சக்கரம் இறங்கும்போது ஷாக் முழுசா இழுபட்டு உடையும்.

ஏற ஏற இறங்குவது என்ன?

கேஸ்டர்: சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்வாக இருப்பதைப் பார்த்திருப்பீங்க. கையை விட்டாலும் நேரா ஓடுவதற்கு அந்தச் சாய்வும் ஒரு காரணம். ஜிம்னியில் முன் ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் கைகள் லிஃப்ட் போட்டதும் கீழ்நோக்கி இறங்கி, ஆக்ஸிலையே திருப்பிவிடும். அந்தச் சாய்வு குறையும். 80-ல் போகும்போது வண்டி லேன் மாறி மாறி அலையும். ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராது. இதைச் சரி பண்ண தனி புஷ் இருக்கிறது. கிட்டோட சேர்த்துத்தான் வாங்கணும்.

பேன்ஹார்ட் ராட்: ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடித்துக்கொள்ளும் கம்பி. வண்டியைத் தூக்கினா அது சாய்ந்து ஆக்ஸிலைச் சில மி.மீ. ஒரு பக்கம் இழுக்கும். நேராப் போகும்போதும் ஸ்டீயரிங் வீல் கோணலாக நிற்கும்.

ஷாஃப்ட்டுகள்: புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் கூடினா அதிர்வு வரும், யு.ஜே. கிராஸ் சீக்கிரம் போகும். இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷனில் முன் டிரைவ் ஷாஃப்ட்டின் ரப்பர் பூட் கிழியும், உள்ளே மண் போகும்.

பிரேக் ஹோஸ்: இதை மட்டும் மறக்கவே கூடாது. சக்கரம் முழுசாத் தொங்கும்போது ஹோஸ் இழுபடுதா என்று பாருங்க. இழுபட்டா ஒருநாள் பிய்யும். அது எப்போ பிய்யும் தெரியுமா? மலை இறக்கத்தில், சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது. ஏ.பி.எஸ். ஒயரும் அப்படித்தான்.

ஹெட்லைட்: 2450 மி.மீ. வீல்பேஸ் தாரில் பின்னாலைவிட முன்னால் 25 மி.மீ. அதிகமாகத் தூக்கினா, 25 மீட்டர் தூரத்தில் வெளிச்சம் 25 செ.மீ.க்கு மேல் உயரும். எதிரே பைக்கில் வர்றவர் கண்ணில் நேராக அடிக்கும். லைட்டை இறக்கி அட்ஜஸ்ட் பண்ண ஐந்து நிமிஷம் ஆகாது. ஆனா நிறைய பேர் பண்றதே இல்லை.

கவிழ்கிற கணக்கு

இப்போ முக்கியமான இடம். ரெண்டு சக்கரங்களுக்கு நடுவில் உள்ள அகலத்தை, வண்டியின் புவியீர்ப்பு மையம் இருக்கும் உயரத்தைப் போல் ரெண்டு மடங்கால் வகுத்தால் ஒரு எண் வரும். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்.எச்.டி.எஸ்.ஏ. வண்டிகள் கவிழும் அபாயத்தை மதிப்பிட இந்த எண்ணைப் பயன்படுத்துகிறது. சாதாரணக் கார்களுக்கு 1.3 முதல் 1.5, எஸ்.யூ.வி. மாதிரி உயர வண்டிகளுக்கு 1 முதல் 1.3 வரை என்பது அவர்கள் சொல்லும் பொதுவான வரம்பு. எண் குறையக் குறைய ஆபத்து.

ஒரு கற்பனை ஜீப். அகலம் 1500 மி.மீ., மையத்தின் உயரம் 700. வகுத்தால் 1.07. மையம் 50 மி.மீ. ஏறினா சரியாக 1. லிஃப்ட், பெரிய டயர், மேலே கேரியர், கேரியரில் நாலு டென்ட், ஸ்டெப்னி எல்லாம் சேர்ந்து 100 மி.மீ. ஏறினா 0.94. சரிவில் பக்கவாட்டாக நிற்கும்போது கவிழ்கிற கோணம் 47 டிகிரியில் இருந்து 43 டிகிரியாக இறங்குது. அதுவும் ஸ்பிரிங்கும் டயரும் நசுங்கவே நசுங்காது என்று வைத்துப் போட்ட கணக்கு. நிஜத்தில் ஸ்பிரிங் ஒரு பக்கம் அமுங்கி, வண்டி சாய்ந்து, அதுக்கு முன்னாலேயே விழும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் இந்த எண் உங்க கூடவே வரும். முன் சீட்டில் இருப்பவனுக்கும் பின்னாடி குறுக்கு சீட்டில் பெல்ட் போடாமல் உட்கார்ந்திருப்பவனுக்கும் சேர்த்துத்தான் நீங்க கணக்குப் போடணும்.

ஒரு ஆறுதல்: ஸ்பிரிங்கை மட்டும் 50 மி.மீ. உயர்த்தினா மையம் முழு 50 ஏறாது. ஆக்ஸில், சக்கரம் எல்லாம் கீழேயே இருக்கும் இல்லையா? அதனால் கொஞ்சம் குறைவாகத்தான் ஏறும். பெரிய டயர் போட்டா எல்லாமே சேர்ந்து ஏறும்.

போலீஸ் மாமா என்ன சொல்றார்?

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் சொன்ன விவரங்களுக்கும் ஆர்.சி.யில் உள்ளதுக்கும் மாறுபடும்படி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே வருஷம் வந்த சட்டத் திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் செய்கிற உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது ரெண்டும் என்கிறது. இன்ஷூரன்ஸிலும் சிக்கல் காத்திருக்கும். ஆக்சிடென்ட் ஆன பிறகு, கம்பெனிக்குச் சொல்லாமல் பண்ணின மாற்றத்தை அவர்கள் கண்டுபிடிச்சா க்ளெய்ம் இழுபறிதான்.

அதனால் வேலையை ஆரம்பிக்கும் முன் ஆர்.டி.ஓ. ஆபீஸில் எழுத்துபூர்வமாகக் கேளுங்க. தனியார் டிராக்கிலும் போட்டியிலும் மட்டும் ஓடுகிற வண்டியின் கதை வேறு, தினமும் காலேஜுக்கு ஓட்டிட்டு வர்ற வண்டியின் கதை வேறு. லிஃப்ட் இருக்குன்னு ரிசர்வ் ஃபாரஸ்ட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைஞ்சா அது இன்னொரு கேஸ்.

சரி, எத்தனை இன்ச்?

வரிசையை மாத்திப் போடாதீங்க. கடைக்காரர் இன்ச்சில் ஆரம்பிப்பார். நீங்க வேலையில் ஆரம்பிங்க.

முதல் கேள்வி: வண்டி எங்கே போகப் போகுது? வருஷத்துக்கு ரெண்டு தடவை மண் ரோடு, ஒரு எஸ்டேட் பாதை என்றால் பதில் பூஜ்யம். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குக் குலுங்கிக் குலுங்கி ஏறுகிற பழைய மஹிந்திரா ஜீப்களைப் பாருங்க. கல்லும் குழியுமான அந்தப் பாதையில் அவற்றை ஏத்துறது லோ கியரும் டிரைவரின் கையும்தான்.

ரெண்டாவது: எங்கே தட்டுது? வண்டிக்கு அடியில் குனிந்து கீறல்களைப் பாருங்க. டிஃபரன்ஷியலில் கீறலா? டயர். நடு வயிற்றிலா? கொஞ்சம் லிஃப்ட், கூடவே ஸ்கிட் பிளேட். பம்பரிலா? பம்பரை மாத்தினாலே முடிஞ்சிடலாம். ஆனா முன்னால் மோதினால் பாதசாரியைக் கிழிக்கிற புல் பார் வேண்டாம்.

மூணாவது: எடை கூடியிருக்கா? ஸ்டீல் பம்பரும் வின்ச்சும் சேர்ந்து 70 கிலோ என்று வைப்போம். ரெண்டு முன் சக்கரத்திலும் ஒவ்வொரு மி.மீ. அமுக்க 30 நியூட்டன் வேணும் என்றால், முன்பக்கம் 11, 12 மி.மீ. இறங்கும். ஆக்ஸிலுக்கு முன்னால் தொங்குற எடை என்பதால் இன்னும் கொஞ்சம் கூடவே. இதுக்கு மருந்து உயரமான ஸ்பிரிங் இல்லை, சற்று கடினமான ஸ்பிரிங். எடையே ஏத்தாமல் கடினமான ஸ்பிரிங் போட்டா வண்டி கட்டை வண்டி மாதிரி குதிக்கும்.

நாலாவது: டயரை முடிவு பண்ணின பிறகு, அந்த டயர் உரசாமல் ஓட எவ்வளவு குறைந்த லிஃப்ட் போதும்? அதுதான் உங்க நம்பர். எவ்வளவு தூக்க முடியும் என்று கேட்காதீங்க. எவ்வளவு கம்மியாகத் தூக்கினா வேலை நடக்கும் என்று கேளுங்க. இன்ச் கூடக் கூட மேலே சொன்ன புஷ், ராட், ஹோஸ், ஷாஃப்ட் என்று பட்டியலும் நீளும். கிட் விலையைவிட இந்தச் சில்லறைச் செலவு பெரிசா வந்து நிற்கும். பட்ஜெட் போடும்போதே அதையும் எழுதுங்க.

ஐந்தாவது: போட்ட பிறகு டெஸ்ட். ஒரு முன் சக்கரத்தை மேட்டில் ஏத்தி, ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒடிச்சு, உரசுதா, இழுபடுதா என்று ஒருத்தர் வெளியே நின்று பார்க்கணும். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் அடியில் படுக்கக் கூடாது. ஸ்டாண்ட் வைங்க. அப்புறம் அலைன்மென்ட், ஹெட்லைட், ஆயிரம் கிலோமீட்டரில் போல்ட் எல்லாம் திரும்ப டைட். நோட்டில் அந்த நாலு நம்பர் மறுபடியும்.

இன்னொரு விஷயம். டூ வீல் டிரைவ் தாரும் 2023 ஜனவரியிலிருந்து விற்பனையில் இருக்கிறது. அதை நாலு இன்ச் தூக்கினா ஃபோர் வீல் டிரைவ் ஆகிடாது. உயரமான டூ வீல் டிரைவ்தான் ஆகும்!

பாஜா எஸ்.ஏ.இ. போட்டிக்கு வண்டி கட்டுற எஞ்சினியரிங் பசங்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் அத்துப்படி. கிளியரன்ஸ் கூட்டினா எங்கே குறையும் என்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து சண்டை போடுவாங்க. உங்க காலேஜில் அப்படி ஒரு டீம் இருந்தா, ஒரு டீ வாங்கிக் கொடுத்து அவங்களோட உங்க வண்டிக்கு அடியில் ஒரு தடவை குனிந்து பாருங்க. கடையில் அட்வான்ஸ் கொடுக்கிறது அதுக்கப்புறம் இருக்கட்டும்.

அடுத்த வாரம்: டயரில் காத்தை இறக்கினா வண்டி மணலில் ஏறுமா? எவ்வளவு இறக்கலாம், திரும்ப எப்போ ஏத்தணும்? காத்து கேஜோட ரெடியா இருங்க!